வீடும் கடையும்: தியாகராய நகரும் கோடம்பாக்கமும்

நாளிதழின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவே, அவ்வப்போது ஒரு சிறிய அறிவிப்பு வரும். இன்ன கிராமம், இன்ன பிளாக், இன்ன டவுன் சர்வே எண்ணில் உள்ள மனையைக் குடியிருப்புப் பயன்பாட்டிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றக் கோரி விண்ணப்பம் வந்திருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் 21 நாள்களுக்குள் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர் செயலருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 32-ஆம் பிரிவில், இந்த அறிவிப்புக்கு வழி செய்திருக்கிறது. சர்வே எண்ணைப் பார்த்து "அட, இது நம் பக்கத்து வீடாயிற்றே" என்று சொல்லக்கூடியவர் தெருவில் எத்தனை பேர் இருப்பார்கள்?

அந்த அறிவிப்பு ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறது: இந்த மனை வீடாக இருக்க வேண்டுமா, கடையாக மாறலாமா? நூறு ஆண்டுகளாகச் சென்னை இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது. குழுமத்தின் கூட்டங்களில், நீதிமன்றங்களில், குடியிருப்போர் சங்கங்களின் மனுக்களில், வியாபாரிகளின் போராட்டங்களில் எல்லாம் இதுதான் விவாதம். கேள்வியே போதாது என்பது என் எண்ணம். அதைக் காட்டச் சென்னையில் இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்: தியாகராய நகர், கோடம்பாக்கம்.

இரண்டும் அடுத்தடுத்த ரயில் நிலையங்கள். மாம்பலத்தில் இறங்கினால் தி.நகர், அடுத்ததில் இறங்கினால் கோடம்பாக்கம். மாநகராட்சிக் கணக்கில் இரண்டும் ஒரே மண்டலம். 10-வது மண்டலம், அதன் பெயரே கோடம்பாக்கம்தான். இரண்டுக்கும் ஒரே முழுமைத் திட்டம், ஒரே கட்டட விதிகள். ஒரு காலத்தில் ஒரே தொழிலின் இரு பாதிகளும்கூட. படம் எடுத்தது கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும். நட்சத்திரங்கள் குடியிருந்தது தி.நகரில். எம்.ஜி.ஆரின் ஆற்காடு தெரு வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. சிவாஜி வாழ்ந்த போக் ரோடு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நடிகர் சங்கம் இருப்பது ஹபிபுல்லா சாலையில். இவ்வளவு நெருங்கிய இரு ஊர்களில் வீடும் தொழிலும் கலந்த விதம் மட்டும் நேர்மாறாக இருக்கிறது.

தி.நகர் திட்டமிட்டுப் பிறந்த ஊர். 1920-ல் வந்த சென்னை நகர் திட்டச் சட்டத்தின் முதல் பெரிய விளைவுகளில் ஒன்று அது. நீண்ட ஏரி என்று ஆங்கிலேயர் குறித்துவைத்த மயிலாப்பூர் ஏரியின் நீரை வடித்து, 1920-களின் நடுவில் மனைகளாக்கினார்கள். நீதிக்கட்சி ஆட்சிக் காலம் என்பதால் அதன் வரலாறே தெருப் பெயர்களாக இருக்கிறது: பி.தியாகராயர் பெயரில் நகர், பனகல் அரசர் பெயரில் பூங்கா, நடேசனார் பெயரில் இன்னொரு பூங்கா, டி.எம்.நாயர் பெயரில் சாலை, முகமது உஸ்மான் பெயரில் சாலை, ஜி.என்.செட்டி சாலை. பனகல் பூங்காவை நடுவில் வைத்துச் சாலைகள் பிரியும் அந்த வரைபடத்தை இன்றைக்குப் பார்த்தாலும் ஒரு தெளிவு தெரியும். எங்கே அகலச் சாலை, எங்கே பூங்கா, எங்கே சந்தை என்று கட்டடத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள். கடைகளுக்கென்று தியாகராய சாலை, அதாவது நாம் பாண்டி பஜார் என்று சொல்கிற சாலை. மற்றவையெல்லாம் வீடு, தோட்டம், திண்ணை.

கடை வந்தது எப்படி? யாரும் ஒரு நாளில் கொண்டுவரவில்லை. நல்லி 1928-ல் தொடங்கியது. ஊர் பிறந்த கையோடு பட்டுக் கடையும் வந்துவிட்டது. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தபின் மாம்பலம் நிலையத்தின் வாசலே ஒரு சந்தைக்கான வாசலானது. நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைத்த ரங்கநாதன் தெரு, வீடுகள் நிறைந்த ஒரு சிறு தெரு. தினமும் ஆயிரக்கணக்கான பேர் நடந்து போகிற தெருவில் வீட்டின் முன்னறைக்கு என்ன வாடகை கிடைக்கும் என்பதை வீட்டுக்காரர் விரைவில் கண்டுகொண்டார். முன்னறை பாத்திரக் கடையானது. பிறகு வீடு முழுதும். பிறகு வீட்டை இடித்துவிட்டு நாலு மாடி, ஏழு மாடி. ஒவ்வொரு மனையும் ஒன்றிரண்டு கிரவுண்டு. ஒவ்வொரு முடிவும் ஒரு குடும்பத்தின் முடிவு. தென் மாவட்டங்களிலிருந்து வந்த வியாபாரக் குடும்பங்கள் பாத்திரத்திலிருந்து துணிக்கும், துணியிலிருந்து நகைக்கும், நகையிலிருந்து மளிகைக்கும் விரிந்து, ஒரே கூரைக்குக் கீழ் எல்லாவற்றையும் அடக்கினார்கள். சாதாரணக் குடும்பம் கல்யாணச் சாமான் முழுவதையும் ஒரே நாளில் வாங்கித் திரும்பக்கூடிய இடமாகத் தி.நகர் ஆனது. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். சென்னை நடுத்தர வர்க்கத்துக்கும் அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும் அந்தச் சந்தை செய்த நன்மை பெரியது.

ஆனால் விலையைக் கொடுத்தது தெரு. வீடுகளுக்காக வெட்டிய தெருவில் பேரங்காடிகள் வந்தன. தெருவின் அகலம் மட்டும் 1920-களிலேயே நின்றது. பக்க இடைவெளி, பின் இடைவெளி என்று விதி சொன்ன இடமெல்லாம் விற்பனைத் தளமானது. வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று காட்டிய நிலத்தடித் தளம் சரக்கறையானது. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து ஊழியர் இருவர் இறந்தார்கள். 2017 மே 31-ஆம் தேதி உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் பற்றியெரிந்தபோது, சுற்றிலும் போதிய இடமில்லாமல் தீயணைப்பு வண்டிகள் நெருங்கத் திணறின; ஒரு நாளுக்கு மேல் எரிந்த கட்டடத்தைக் கடைசியில் இடிக்க வேண்டியிருந்தது. அது விடியற்காலை நேரம். மாலை ஏழு மணியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

சட்டம் என்ன செய்தது? பின்னாலேயே நடந்து வந்தது. 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்து, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம் என்றார்கள். 2000-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஏற்றதற்குக் காரணம் அது ஒருமுறைக்கு மட்டுமான ஏற்பாடு என்பதே. ஆனாலும் கெடு நீண்டது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ஏற்க மறுத்தது. 2007-ல் இடிப்பையும் சீல் வைப்பையும் தள்ளிப்போட ஓர் அவசரச் சட்டம். 2011 இறுதியில், டிராஃபிக் ராமசாமி போன்ற சமூக ஆர்வலர்கள் விடாமல் நடத்திய வழக்குகளின் பின்னணியில், ரங்கநாதன் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த கடைகளுக்குக் குழுமம் சீல் வைத்தது. 2012 பொங்கல் நெருங்கியபோது உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. அதே ஆண்டு 113-சி என்ற புதிய பிரிவு வந்தது. ஒவ்வொரு முறையும் விவாதம் கட்டடத்தைப் பற்றியே நடந்தது: எத்தனை மாடி கூடுதல், எவ்வளவு அபராதம், இடிப்பதா விடுவதா. அந்தக் கட்டடங்கள் நின்ற தெருவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு சட்டப் பிரிவும் கேட்கவில்லை.

இனி கோடம்பாக்கம். இங்கே கதை வேறு மாதிரித் தொடங்குகிறது.

1940-களில் கோடம்பாக்கமும் வடபழனியும் சாலிகிராமமும் நகரத்தின் விளிம்பு. தோப்பும் காலி நிலமும் நிறைய, விலை குறைவு, மின்சாரம் கிடைத்தது. ஆற்காடு சாலையில் பவர் ஹவுஸ் என்ற பேருந்து நிறுத்தம் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. படப்பிடிப்புத் தளத்துக்கு வேண்டிய மூன்றும் அங்கே ஒன்றாக இருந்தன. காரைக்குடியில் இருந்த ஏ.வி.எம். 1948-ல் இங்கே வந்தது. அதே ஆண்டில் பி.என்.ரெட்டியின் வாகினி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா, வாகினியோடு சேர்ந்து விஜயா–வாகினி ஆனது. ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோ என்று அந்நாளில் பெயர். பானுமதியின் பரணி, எல்.வி.பிரசாத்தின் பிரசாத், அருணாசலம் என்று வரிசை நீண்டது. தி.நகரில் மனைகள் கிரவுண்டில் அளக்கப்பட்டன, இங்கே ஏக்கரில்.

அந்த ஏக்கர்கள் ஏன் கைமாறின என்பதற்குக் காரணம் பல. தெலுங்குப் படவுலகம் ஹைதராபாத்துக்கு நகர்ந்தது. அன்னபூர்ணா ஸ்டூடியோ அங்கே 1976-ல் எழுந்தது. அடுத்த ஆண்டு பாரதிராஜாவின் 16 வயதினிலே வந்தபின் கேமரா கிராமத்துக்குப் போய்விட்டது. பிளைவுட் அரண்மனைகளுக்குத் தேவை குறைந்தது. இதற்கிடையில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. வாடகைக்கு விடும் படப்பிடிப்புத் தளம் ஓராண்டு முழுதும் ஈட்டும் பணம், அது நிற்கும் நிலத்தின் விலைக்கு வட்டியாகக்கூடக் காணாது என்ற நிலை வந்தபோது, ஸ்டூடியோ முதலாளிகள் மற்ற எந்த நில உரிமையாளரும் செய்வதைச் செய்தார்கள். விஜயா–வாகினி வளாகத்தில் 1972-லேயே விஜயா மருத்துவமனை வந்துவிட்டது. பிறகு ஹோட்டல், கல்யாண மண்டபம். 2013-ல் பெரிய மால். மற்ற ஸ்டூடியோக்களில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளாயின.

ஏட்டளவில் பார்த்தால் இதுதான் கலப்புப் பயன்பாட்டின் லட்சிய வடிவம். மருத்துவமனை, கடை, திரையரங்கு, விடுதி, வீடு எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் அனுமதியோடு, தீயணைப்புச் சான்றோடு, வாகன நிறுத்தத்தோடு. தி.நகரின் விதிமீறல்களுக்குப் பக்கத்தில் வைத்தால் கோடம்பாக்கம் நல்ல பிள்ளை.

ஆனால் ஆற்காடு சாலையில் நடந்து பாருங்கள். வளாகத்துக்கு வளாகம் மதில். ஒவ்வொரு மதிலிலும் ஒரு உள்வாசல், ஒரு வெளிவாசல், நடுவில் ஒரு காவலர் கூண்டு. உள்ளே கலந்திருக்கிற எதுவும் வெளியே தெருவோடு கலக்கவில்லை. மாலுக்கு வருகிறவர் காரில் நிலத்தடிக்குப் போய், மின்தூக்கியில் ஏறி, அதே வழியில் திரும்பிப் போகிறார். சாலையோர இளநீர்க்காரரின் கண்ணில் அவர் படுவதே இல்லை. இவ்வளவு வண்டிகளும் சேர்ந்து விழுவது அதே ஆற்காடு சாலையில்தான். ஏனென்றால் ஏக்கர் கணக்கில் நிலம் கைமாறிய அந்த ஐம்பது ஆண்டுகளில், அந்த நிலங்களின் ஊடாக ஆற்காடு சாலைக்கு இணையாக ஒரு பொதுத் தெருவைப் போட வேண்டும் என்று யாரும் நிர்ப்பந்திக்கவில்லை.

இந்த இடத்தில்தான் இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் விதிகளில் திறந்தவெளி ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொதுப் பயன்பாட்டுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். 3,000-க்கும் 10,000-க்கும் இடையே இருந்தால் நிலமோ அதற்கு ஈடான பணமோ கொடுக்கலாம். 3,000-க்குள் என்றால் ஒன்றும் வேண்டாம். 3,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய பதின்மூன்றரைக் கிரவுண்டு. தி.நகரின் மனைகளில் பெரும்பாலானவை அந்த வாசலை மிதிக்கவே இல்லை. அங்கே நூறு கைகள் நூறு மனைகளை மாற்றின; ஒவ்வொன்றும் தனித்தனியே சின்னது, சேர்ந்தால் ஒரு மாநகரச் சந்தை. பொது இடத்தைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. கோடம்பாக்கத்தில் கைகள் குறைவு, நிலம் பெரிது. கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் விதி கேட்டது பத்தில் ஒரு பங்கு பரப்பை. அந்தப் பரப்பு ஒரு பூங்கா வடிவில் மூலையில் ஒதுங்கிவிடும். ஒரு தெருவாக, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகும் வழியாக, அது வர வேண்டும் என்று வரைபடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் கேட்க முடியும்.

தி.நகரை 1920-களில் வரைந்தவர்கள் அதைச் செய்தார்கள். தெருவை முதலில் வரைந்தார்கள். அதனால்தான், நூறு ஆண்டு நெரிசலுக்குப் பிறகும், தியாகராய சாலையில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வளாகம் போட முடிந்தது; அதற்கான அகலம் அங்கே இருந்தது. 2023 மே மாதம் மாம்பலம் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை, சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு, ஆகாய நடைபாலம் போட்டார்கள். ரங்கநாதன் தெருவின் தரையில் அதற்குமேல் இடமில்லை என்பதால் மேலே போக வேண்டியிருந்தது. ஒரே ஊரில், அகலமாக வரைந்த தெரு எப்படித் தாக்குப்பிடித்தது, குறுகலாக வரைந்தது எப்படி மூச்சுத் திணறியது என்பதற்கு இந்த இரண்டுமே சாட்சி. ஆற்காடு சாலையில் எதைப் போடுவது என்றாலும் ஏற்கெனவே இருக்கிற அந்த ஒரே சாலையைத்தான் தோண்ட வேண்டும். மெட்ரோ பணிக்காகத் தடுப்புகள் எழுந்தபின் அங்கே வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேரங்காடியையும் ஸ்டூடியோவையும் மட்டும் பார்த்தால் ஒரு முக்கியமான விஷயம் தப்பிவிடும். கோடம்பாக்கத்தில் இன்னொரு கலப்பு இருக்கிறது. என் பார்வையில் சென்னையின் மிக நல்ல கலப்பு அதுதான். டிரஸ்ட்புரம், ரங்கராஜபுரம், சாலிகிராமத்தின் உள்தெருக்கள். இரண்டு மாடி வீடு. கீழே ஒரு அறையில் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை ஒட்டி, கதவிடுக்கில் ரப்பர் பட்டை அடைத்து, ஒரு டப்பிங் அறை. கதவுக்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கு. அது எரியும்போது மாடிப்படியில் ஏறுகிறவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவார். மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். குக்கர் விசில் வரும் நேரம் கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். எதிர் வீட்டின் கார் ஷெட்டில் நாலு தையல் இயந்திரம், குழு நடனத்துக்கு ஒரே அளவில் முப்பது பாவாடை. அடுத்த வீட்டில் எடிட்டிங். மூலையில் மெஸ்; ஊரிலிருந்து வாய்ப்புத் தேடி வந்த உதவி இயக்குநர்கள் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடும் மெஸ். தெருமுனையில் விளக்குகளையும் ஸ்டாண்டுகளையும் ஏற்றிக்கொண்டு நிற்கும் ஒரு சிறு லாரி; விடியும் முன் கிளம்பிவிடும்.

இந்தத் தெருவில் யாரும் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. காலையில் குழந்தைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். இரவு வெகுநேரம் விளக்கு எரிவதால் தெரு பயமில்லாமல் இருக்கிறது. ஸ்டூடியோக்கள் மூடியபின் சினிமாத் தொழிலின் பெரும் பகுதி பிழைத்தது இந்த வீடுகளில்தான். ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் நல்ல தெருவுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று வாதிட்டாரோ, பழைய கட்டடம், பல வேலை, பல நேரம், தெருவைக் கவனிக்கும் கண்கள், அத்தனையும் இங்கே யாரும் திட்டமிடாமலே அமைந்திருக்கின்றன.

தி.நகரில் இதற்கு இணையானது எது? ஒரு காலத்தில் இருந்தது: முன்னறைக் கடை, பின்னால் வீடு. அது மாடிக்கு மாடி ஏறி வீட்டை விழுங்கிவிட்டது. இன்று அங்கே வேலை செய்கிறவர்கள் வாழும் இடத்தைத் தேடினால், கடை ஊழியர்களை மொத்தமாகத் தங்கவைக்கும் விடுதிகளைத்தான் காட்ட முடியும். வசந்தபாலனின் அங்காடித் தெரு 2010-ல் அந்த வாழ்க்கையைத் தமிழ்நாட்டுக்கே காட்டியது. தெருவில் வீடும் தொழிலும் கலந்திருக்கிறது என்று சொல்வதானால், அங்கே உழைக்கிறவருக்குக் கதவு பூட்டிக்கொள்ள ஓர் அறையாவது அந்தத் தெருவில் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சட்டத்தின் கண்ணுக்கு இந்த மூன்று வகைக் கலப்பும் எப்படித் தெரிகின்றன? 2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் நகரத்தை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில் என்று வண்ணமிட்டுப் பிரித்தது. குடியிருப்பு வண்ணத்துக்குள்ளும் சிறு கடை, மருத்துவர் அறை, தையல் போன்றவற்றுக்கு அளவு வரம்போடு இடமுண்டு. மின்மோட்டாரின் குதிரைத்திறனுக்கு ஒரு வரம்பு. இந்த அளவு நல்லதுதான். ஆனால் டப்பிங் அறை எந்தப் பெட்டிக்குள் வரும்? லாரியில் ஏறும் விளக்குகள்? பட்டியலில் பெயர் இல்லாத தொழில், விதிமீறிய தொழில் ஆகிவிடுகிறது. அந்த வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் ஒரு நோட்டீஸ் வரலாம் என்ற பயத்தோடுதான் அது நடக்கிறது.

ஜப்பான் வேறு வழியில் போகிறது. அங்கே நில மண்டலங்கள் நாடு முழுவதற்கும் பொதுவாகப் பதின்மூன்று வகை. மிக அமைதியான, தாழ்ந்த வீடுகளுக்கான மண்டலத்திலேகூட, வீட்டோடு சேர்ந்த கடை 50 சதுர மீட்டருக்குள், வீட்டுப் பரப்பில் பாதிக்குள் இருந்தால் அனுமதி. மண்டலத்துக்கு மண்டலம் ஏறுவது அனுமதிக்கும் தொந்தரவின் அளவுதான். வீட்டுக்கு எங்கேயும் தடையில்லை, கனரகத் தொழிற்சாலைக்கென்றே வைத்த மண்டலத்தைத் தவிர. சத்தம் எவ்வளவு, வண்டி எத்தனை, இடம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். கோடம்பாக்கத்து உள்தெருவுக்கு அந்த அளவுகோல் நன்றாகவே பொருந்தும். ரங்கநாதன் தெருவுக்கும் பொருந்தியிருக்கும். அந்த அளவுகோலில் மூன்றாவது மாடி கட்டும்போதே தெரு தாங்காது என்று தெரிந்திருக்கும்.

இப்போது இந்த விவாதம் அவசரமாகியிருக்கிறது. காரணம் இரண்டு. ஒன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகும் மெட்ரோ வழித்தடம் இரண்டு ஊர்களின் ஊடாகவும் போகிறது: பனகல் பூங்கா, கோடம்பாக்கம், மீனாட்சி கல்லூரி, பவர் ஹவுஸ், வடபழனி. இரண்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் ஏற்கெனவே தளப் பரப்புக் குறியீட்டை உயர்த்திவிட்டன; சாதாரணக் கட்டடத்துக்கு 1.5-லிருந்து 2, உயர்மாடிக்கு 3.25 வரை. சாலையின் அகலத்தைப் பொறுத்துப் பணம் கட்டி அதற்கு மேலும் வாங்கலாம். மெட்ரோ ஓரத்தில் இன்னும் கூடுதலாகக் கட்ட அனுமதிப்பது அரசின் போக்காக இருக்கிறது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ரயிலுக்குப் பக்கத்தில் ஆயிரம் பேர் வாழ்ந்தால், ஆயிரம் இருசக்கர வாகனம் சாலையில் குறையும்.

ஆனால் பரப்பை உயர்த்தினால் உள்தெருவின் அந்த இரண்டு மாடி வீடு என்னவாகும் என்று யோசிக்க வேண்டும். கூட்டு முயற்சி என்று ஒப்பந்தம் போட்டு இடிப்பார்கள். ஸ்டில்ட் தளத்தில் கார், மேலே ஐந்து மாடி வீடு. டப்பிங் அறைக்கும் தையலுக்கும் மெஸ்ஸுக்கும் அங்கே இடம் இருக்காது. பழைய கட்டடத்தின் குறைந்த வாடகைதான் அவர்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரருக்குப் புதிய வீடு கிடைக்கும். வாடகைக்கு இருந்தவர் போரூருக்கோ அதற்கு அப்பாலோ போக வேண்டும். கலப்புக் குடியிருப்பு என்று வண்ணம் பூசிய தெருவில் கலப்பே இல்லாமல் போகும் வினோதம் இப்படித்தான் நடக்கும்.

யார் பேசுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். குழுமத்தின் அலுவலகம் எழும்பூரில், தாளமுத்து நடராசன் மாளிகையில். நிலப் பயன்பாட்டை முடிவு செய்யும் அதிகாரம் அங்கே இருக்கிறது. மாநகராட்சி மன்றத்திலோ வார்டு உறுப்பினரிடமோ இல்லை. குடியிருப்போர் சங்கம் வழக்குப் போடும். அதில் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். வியாபாரிகளுக்குச் சங்கம் உண்டு, செல்வாக்கும் உண்டு. ஆட்சேபணைக்கான அந்த 21 நாள்களில் வாடகைக்குத் தையல் மெஷின் போட்டிருப்பவரின் குரல் எந்த வழியாகவும் எழும்பூர் வரை போவதில்லை. 2022 நவம்பரில் சென்னையில் வார்டுகளைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தத் தொடங்கினார்கள். குப்பை, தெருவிளக்கு, கால்வாய் என்று மனுக்கள் வந்தன. அவை தேவையான மனுக்கள். ஆனால் தெருவில் எந்த மனை எதற்கு மாறப்போகிறது என்ற விண்ணப்பம் முதலில் படிக்கப்பட வேண்டிய இடமும் அதுதான். சர்வே எண்ணைச் சொல்லாமல், "மெஸ்ஸுக்கு எதிர் வீடு" என்று சொல்லி, வீட்டுக்காரரோடு வாடகைக்காரரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில்.

மூன்றாம் திட்டத்தை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இவைதான். தி.நகரில் உஸ்மான் சாலைக்கும் ரயில் பாதைக்கும் இடையே இனி எந்த மனை கைமாறினாலும், சின்னதானாலும், அதிலிருந்து தெருவுக்கு ஒரு பங்கு கேட்க வழி வேண்டும். பக்கத்துப் பக்கத்து மனைகள் சேர்ந்து பின்பக்கம் ஒரு சேவைத் தெரு விட்டால் அவர்களுக்குக் கூடுதல் பரப்புக் கொடுக்கலாம், தீயணைப்பு வண்டி நுழையவாவது அந்த வழி உதவும். கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் இன்னும் உடையாமல் இருக்கும் பெரிய வளாகங்களின் ஊடாகப் பொதுத் தெருக்களை இப்போதே வரைந்துவிட வேண்டும். அந்தக் கோடு வரைபடத்தில் இருந்தால், நிலத்தை வாங்குகிறவர் அதற்கேற்ற விலையைக் கொடுப்பார், யாருக்கும் அநியாயம் இல்லை. மெட்ரோ ஓரத்தில் கூடுதல் பரப்பு வாங்கிக் கட்டுகிறவரிடம் தரைத்தளத்தில் ஒரு பகுதியைச் சிறு தொழிலுக்கு, ஏற்கெனவே அந்த இடத்தில் தொழில் செய்தவர்களுக்கு முன்னுரிமையோடு, கட்டுப்படியாகும் வாடகையில் விடச் சொல்ல வேண்டும். டப்பிங் அறையையும் எடிட்டிங் அறையையும் தையலையும் குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட தொழில்களின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். சத்தத்துக்கும் லாரி நிற்கும் நேரத்துக்கும் வரம்பு வைத்துக்கொள்ளட்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பவர் ஹவுஸ் நிலையத்தின் படிக்கட்டு திறக்கும் முன்பே அதைச் செய்துவிடலாம்.